மூன்றாவது கைக்கு ஒரு பொட்டு

அத்தியாயம் 9

"பொய் சொல்லுறவன் தன்னைக் காப்பாத்தத்தான் பொய் சொல்லுவான். தன்னை மாட்டிவிடப் பொய் சொல்லுற ஒருத்தனை நான் இப்பத்தான் பார்க்கிறன்" என்றாள் நிரஞ்சினி.

"எங்க ஊர்ல அதுக்குப் பேரு கல்யாணம், மேடம்" என்றான் பிரதீப்குமார், காரைத் திருப்பிக்கொண்டே.

நிரஞ்சினி சிரிக்கவில்லை. திருச்சிக்காரன் பிரதீப்குமார் அவளுக்கு உதவியாளனாக வந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தானாம். வேலை போனது, வாய் மட்டும் போகவில்லை. கிளேட்டனில் ஒரு சேலைக் கடைக்கு மேல் இருக்கும் அவளுடைய சின்னத் துப்பறியும் அலுவலகத்தில் சிரிப்புக்குக் குறைவே இருந்ததில்லை. இந்த வழக்கு வந்த பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வருவதில்லை.

விஷயம் இதுதான். ஐந்து வாரத்துக்கு முன் கிப்ஸ்லாண்ட் காட்டுக்குள் மரை என்ற பெரிய மானை வேட்டையாடப் போன செந்தில்நாதன், நெஞ்சில் அம்பு பாய்ந்து செத்துப்போனார். கூடப் போனவன் ஜெயதீபன். வன்னியில் பக்கத்து வளவு வீட்டுக்காரர்கள், ஒரே படகில் வந்தவர்கள், கூடப் பிறக்காத குறை. "நான்தான் அம்பு விட்டனான். மரை எண்டு நினைச்சிட்டன்" என்று அவனே பொலிசில் எழுதிக் கொடுத்துவிட்டான். வெள்ளிக்கிழமை நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறான். ஒப்புக்கொண்டால் சிறை. அவனிடம் இருப்பதோ தற்காலிக விசா. சிறை முடிந்ததும் நேரே ஊருக்கு விமானம்தான்.

இதை நம்பாத ஒரே ஆள் செந்தில்நாதனின் மனைவி யோகராணி. அவள்தான் நிரஞ்சினியைத் தேடி வந்தவள்.

"என்ர மனிசன் செம்மஞ்சள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போனவர். உலகத்திலை எந்த மரை செம்மஞ்சள் ஜாக்கெட் போடும்?" என்று முதல் நாளே கேட்டாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். "அவன்ர வலது கை ஷெல் பட்ட கை. சோத்துக் கோப்பையே தூக்க ஏலாது. வில்லை எப்பிடி இழுத்தவன்?"

நியாயமான கேள்வி. வேட்டைக்காரர்களின் வில் கோயில் படத்தில் இருக்கும் வில் இல்லை. இரண்டு முனையிலும் கப்பி பூட்டிய காம்பவுண்ட் வில். நாணை இழுக்க அரிசி மூட்டை தூக்கும் பலம் வேண்டும். ஒரு கை பிடிக்க, ஒரு கை இழுக்க. ஜெயதீபனிடம் இருந்தது ஒரு கைதான். ஆகவே வேறு யாரோ இழுத்திருக்க வேண்டும். மூன்று வாரமாக அந்த மூன்றாவது ஆளைத் தேடி, காட்டுக்குப் போகும் வழியில் இருந்த பெற்றோல் நிலையம், ரொட்டிக் கடை, கூடாரம் அடிக்கும் இடம் எல்லாம் ஏறி இறங்கியாயிற்று. ஒரு சனமும் மூன்றாவது ஆளைக் கண்டதில்லை.

"அந்த மரைங்களே சிலோன்ல இருந்து கப்பல்ல கொண்டாந்து விட்டதாமே மேடம்?" என்றான் பிரதீப்குமார். "நூத்தம்பது வருஷமா ஜாலியா மேயுது. அதுவும் போட் பீப்பிள்தான். அதுக்கு மட்டும் பர்மனென்ட் விசா."

"இறங்கும். வீடு வந்திட்டுது."

டண்டினோங்கில் அந்த வீட்டுக் கதவைத் திறந்த யோகராணிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். இந்த ஐந்து வாரத்தில் பத்து வயது கூடியிருந்தாள். வெறும் நெற்றி.

"வாங்கோ தங்கச்சி. தேத்தண்ணி போடட்டே?"

"வேண்டாம் அக்கா. நான் அண்ணையின்ர கராஜை ஒருக்காப் பார்க்கவேணும்."

யோகராணி தயங்கினாள். குசினிச் சுவரில் தொங்கிய திறப்பை எடுத்து நீட்டினாள். "அவர் போனதுக்குப் பிறகு நான் அந்தக் கதவைத் திறக்கேல்லை. நீங்கள் போய்ப் பாருங்கோ. எனக்கு அந்த ஒயில் மணம் வந்தால் தாங்க ஏலாது."

செந்தில்நாதன் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் ஃபிட்டர். கராஜுக்குள் நுழைந்ததும் அது சொல்லாமலே தெரிந்தது. ஒரு சுவர் முழுக்க வெள்ளைப் பலகை. ஒவ்வொரு சாமானும் ஒவ்வொரு ஆணியில். சாமானைச் சுற்றிக் கறுப்பு மார்க்கரால் அதன் உருவம் வரைந்து, கீழே பெயரும் எழுதியிருந்தார். சுத்தியலை எடுத்தால் சுவரில் சுத்தியல் நிழல் இருக்கும். எது எங்கே என்று தேடவே வேண்டாம்.

"எங்க அம்மா மட்டும் இதைப் பாத்திருந்தா, என்னையும் செவுத்துல சாய்ச்சு கோடு போட்டிருப்பாங்க" என்றான் பிரதீப்குமார். "அட, எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிருக்காங்க மேடம்!"

ஆமாம். அரம், குறடு, ஸ்பானர், மரம் அரியும் வாள், துளைபோடும் மெஷின், எல்லாவற்றிலும் காய்ந்துபோன சந்தனம், அதன் நடுவே குங்குமம். ஆயுத பூசைக்கு வைத்தது. அந்தப் பூசை முடிந்து மூன்றாம் நாள்தான் செந்தில்நாதன் காட்டுக்குப் போனார். பொட்டுகள் அப்படியே இருந்தன, வைக்கச் சொன்னவர்தான் இல்லை. நிரஞ்சினி ஒரு குறட்டை ஆணியில் இருந்து எடுத்து, திரும்ப அங்கேயே மாட்டினாள். பதினொரு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குப் பிடித்தவள், சாவு வீடுகள் எத்தனையோ பார்த்தவள். ஆனாலும் ஒரு குறட்டின் நெற்றியில் பொட்டைப் பார்த்து இப்படிக் கலங்குவோம் என்று அவள் நினைத்ததில்லை.

"மேடம், இங்க ஒரு நெழல் மட்டும் அனாதையா நிக்குது."

சுவரின் வலது மூலையில் சாமான் இல்லாத ஒரே ஒரு உருவம். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடிய நீளத்தில் ஒரு தண்டு. ஒரு முனையில் எதையோ கவ்வும் கவை. மறுமுனையில் வளைந்த கொளுக்கி, அதன் கீழ் ஒரு விசை. உருவத்தின் கீழே செந்தில்நாதனின் கையெழுத்தில் இரண்டே சொல்: 'மூண்டாம் கை'.

"மனுஷனுக்கு ரெண்டு கை பத்தலையா? மூணாவதா ஒண்ணு செஞ்சு வெச்சிருக்காரு?"

பகிடியாகத்தான் கேட்டான். நிரஞ்சினிக்கு உச்சியில் யாரோ குட்டியது போல இருந்தது. ஜெயதீபனுக்கு இருப்பது ஒரு கை. வில்லைப் பிடிக்க ஒன்று, நாணை இழுத்துப் பிடிக்க இன்னொன்று. அந்த இன்னொன்றைச் செந்தில்நாதன் தன் கையாலேயே செய்து கொடுத்திருக்கிறார்!

"பிரதீப், மூண்டு வாரமா நாங்கள் மூண்டாவது ஆளைத் தேடினம். மூண்டாவது ஆளே இல்லை. மூண்டாவது கைதான் இருந்திருக்கு. கவை வில்லிலை பூட்டும். கொளுக்கி நாணைப் பிடிக்கும். கையால பிடிக்காமலே வில் இழுத்தபடி நிக்கும்."

பிரதீப்குமார் சுவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்தது. "அப்படின்னா மேடம்... ஜெயதீபனால வில்ல இழுத்திருக்க முடியும்."

"ஓம்."

"அவனால முடியாதுங்கிறதுதானே நம்ம கையில இருந்த ஒரே துருப்பு? அவனைக் காப்பாத்தப் போயி நாமளே அவன் கழுத்துல சுருக்கை மாட்டிட்டமே!"

வெளியே வந்து, கைபேசியில் எடுத்த அந்த உருவத்தின் படத்தைக் காட்டியபோது யோகராணி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "அவற்ற சாமானுக்கு நான் பேர் கேக்கிறேல்லை தங்கச்சி. இது காட்டுக்குக் கொண்டுபோறது. அவ்வளவுதான் தெரியும். ஏன், ஏதும் தெரிஞ்சுதோ?"

"பின்னேரம் வந்து சொல்லுறன் அக்கா."

"எதெண்டாலும் மறைக்காமச் சொல்லோணும். எனக்கு நித்திரை இல்லை. அவனைத் திட்டவோ, அவனுக்காக அழவோ எண்டு தெரியாமல் இருக்கிறன்."

ஜெயதீபன் பிணையில் இருந்த அறை கிளேட்டனில், ஐந்து பேர் பங்குபோட்ட வீட்டின் பின்பக்கம். முப்பத்தெட்டு வயது. நல்ல உயரம். வலது கை மட்டும் சட்டைக் கைக்குள் சும்மா தொங்கியது. சட்டையின் மேல் இரண்டு பட்டனும் பூட்டாமல் திறந்திருந்தன. இடது கையால் கதிரையை இழுத்துப் போட்டான்.

"இருங்கோ அக்கா. ஆனா நான் சொன்னதைத்தான் திரும்பவும் சொல்லுவன். நான் வில்லை இழுத்தன், விட்டன். அவ்வளவுதான்."

"எந்தக் கையால?"

அவன் இடது கையால் வலது சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"பொலிஸ் ஒருத்தரும் உம்மட கையைப் பார்க்கேல்லையோ?"

"நானே ஒத்துக்கொண்டன். பிறகு என்னத்துக்குக் கையைப் பார்க்கினம்?"

அதுவும் சரிதான். குற்றத்தை ஒப்புக்கொண்டவனின் கையை எந்த நாட்டுப் பொலிஸ் பார்த்திருக்கிறது?

"மூண்டாம் கை எங்க, ஜெயதீபன்?"

அவனுடைய முகம் சுண்டிப்போனது. "அப்பிடி ஒண்டும் இல்லை."

"சுவரிலை அதின்ர படம் இருக்கு. பேரும் இருக்கு."

"அதை... அதை ஆத்திலை எறிஞ்சிட்டன்."

பிரதீப்குமார் அறையைச் சுற்றி வந்தான். கட்டில், ஒரு மேசை, அதன் மேல் செந்தில்நாதனும் இவனும் தோளில் கைபோட்டு நிற்கும் படம். கட்டிலின் தலைமாட்டில் சின்ன ஜன்னல் ஒன்று. அதன் முன் நின்று தலையைச் சொறிந்தான்.

"ஏன் பிரதர், ஜன்னலுக்கு ஏற்கெனவே பிளைண்ட் இருக்கு. அது மேல எதுக்கு ஒரு லுங்கியத் தொங்கவிட்டிருக்கீங்க? வெயிலுக்குச் சந்தேகமா?"

ஜெயதீபன் எழுந்தான். அதற்குள் பிரதீப்குமார் சாரத்தை விலக்கிவிட்டான். திரைக்கம்பியாக இரண்டு ஆணியில் கிடந்தது ஒரு அலுமினியத் தண்டு. ஒரு முனையில் கவை. மறுமுனையில் கொளுக்கி.

ஆற்றில் எறிய மனம் வராமல், அண்ணன் கையால் செய்ததைத் தன் கட்டிலுக்கு மேலேயே வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான்.

நிரஞ்சினி தண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். என்ன வேலைப்பாடு! ஒரு விளிம்பு கூரில்லை, ஒரு கீறல் கோணலில்லை. கொளுக்கி போய் விழுந்து பூட்டிக்கொள்ள ஒரு சின்ன வெட்டு. அதைச் சுற்றி மட்டும் அலுமினியம் மங்கி, ஆயிரம் சின்னக் கோடுகள். பாத்திரம் கழுவும் இரும்புத் தும்பு போட்டுத் தேய்த்திருக்கிறான்.

கராஜில் எல்லாச் சாமானிலும் பொட்டு இருக்கிறது. இதில் மட்டும் இல்லை. தொழில் சாமானுக்கு வைத்த பொட்டை எந்தத் தமிழனாவது மினக்கெட்டுத் தேய்த்து அழிப்பானா? அது தானாக உதிரட்டும் என்றுதானே விடுவான்?

"மேடம், அந்த மூலையில செவப்பா ஏதோ..." பிரதீப்குமாரின் குரல் இறங்கியது. "ரத்தம்."

வெட்டின் அடி மூலையில், தும்பு எட்டாத இடத்தில், ஊசி முனை அளவு சிவப்பு. நிரஞ்சினி நகத்தால் கிள்ளி எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். சந்தன வாசம்.

"ஐயோ கடவுளே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். "ஜெயதீபன், நீர் விசையைத் தட்டவே இல்லை. என்ன?"

அவ்வளவுதான். ஐந்து வாரமாக இறுக்கிப் பிடித்திருந்தவன் கட்டிலில் இருந்து விம்மத் தொடங்கினான்.

"காலால வில்லை மிதிச்சு, இடது கையால நாணை இழுத்தனான் அக்கா. கொளுக்கி 'டிக்' எண்டு விழுந்தது. எப்பவும் அப்பிடித்தான். நூறு தரம் செய்திருப்பன், ஒருநாளும் வழுக்கினதில்லை. மரை ஒண்டு கத்தினது கேட்டு அம்பையும் பூட்டிட்டன். செந்திலண்ணை மரையின்ர காலடி பார்க்க முன்னுக்குப் போனார். விழுந்து கிடந்த மரத்தைக் கடக்கேக்கை எனக்குக் கால் சறுக்கிச்சுது. சத்தம் கேட்டு அண்ணை திரும்பினார். வில் மரத்திலை இடிச்சுது. அவ்வளவுதான். நான் விசையைத் தொடவே இல்லை. அண்ணை என்னைப் பார்த்தார். 'உனக்கு ஒண்டுமில்லையேடா' எண்டு கேட்டார் அக்கா. அம்பு அவற்ற நெஞ்சிலை. என்னைக் கேக்கிறார்!"

பிரதீப்குமார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பிறகுதான் கொளுக்கியைப் பார்த்தன். வெட்டுக்குள்ள சந்தனம் சீமெந்து மாதிரி இறுகிக் கிடந்தது. கொளுக்கி பாதிதான் இறங்கியிருக்கு."

"அதை வைச்சது யார் எண்டு தெரிஞ்சபடியாத்தான் நீர் மரைக் கதை சொன்னனீர்."

"கருவி வழுக்கினது எண்டு சொன்னா அதைப் பரிசோதிப்பினம். ஏன் வழுக்கினது எண்டு கேப்பினம். ராணியக்காவின்ர காதுக்குப் போகும்." அவன் நிமிர்ந்தான். "நான் திரும்பிப் போனாலும் எப்பிடியோ சீவிப்பன். அவ இதைக் கேட்டா சீவிக்கமாட்டா. சொல்லிப்போடாதேங்கோ அக்கா. உங்கட காலிலை விழுறன்."

திரும்பும் வழியில் பிரதீப்குமார் வாயே திறக்கவில்லை. இரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. கடைசியில் அவன்தான் கேட்டான். "என்ன செய்யப் போறீங்க?"

"பொய் சொல்லப்போறன்."

யோசித்துத்தான் சொன்னாள். கருவி வழுக்கியது என்று மட்டும் சொன்னால் ஜெயதீபன் தப்புவான். ஏன் வழுக்கியது என்பதற்கு வேலைப்பாட்டில் பிழை என்று சொல்லிவிடலாம். செத்தவர் மேல் பழி போடுவது பாவம்தான். ஆனால் இருக்கிற இரண்டு பேரும் பிழைப்பார்கள். செந்தில்நாதனைக் கேட்டிருந்தால் அவரும் இதற்கு ஓம் என்றுதான் சொல்லியிருப்பார். அப்படித்தான் நிரஞ்சினி தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

யோகராணி குசினி மேசையில் காத்திருந்தாள். நிரஞ்சினி தண்டை மேசையில் வைத்துச் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தாள். வில்லை இழுத்தபடி பிடித்துவைக்கும் கருவி இது. ஜெயதீபனுக்காக அண்ணை செய்தது. ஜெயதீபன் அம்பு விடவில்லை. கொளுக்கி தானாக வழுக்கிவிட்டது. அண்ணை வெட்டின வெட்டு ஆழம் போதவில்லை. அண்ணையின் பேர் கெடக்கூடாதென்று அவன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான்.

யோகராணி கண்ணை மூடிக்கொண்டாள். "அப்ப அவன் வேணுமெண்டு செய்யேல்லை."

"இல்லை அக்கா."

"கடவுளே, கடவுளே." கண்ணீர் வழிய வழியத் தண்டைக் கையில் எடுத்தாள். அவரைத் தடவுவது போல அதைத் தடவினாள். பெருவிரல் வெட்டில் போய் நின்றது. உள்ளே விட்டு, வெளியே எடுத்து, திரும்பவும் விட்டுப் பார்த்தாள்.

"இது ஆழம்தானே தங்கச்சி."

நிரஞ்சினி தண்டை வாங்கக் கை நீட்டினாள், யோகராணி விடவில்லை.

"இருபத்திரண்டு வருஷம் அவரோட வாழ்ந்தனான். அவர் வெட்டினது பிழைக்காது. பொய் சொல்லாதேங்கோ." தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நின்றாள். "இதிலை இருந்த பொட்டு எங்க?"

"அக்கா..."

"நான் வைச்சனான். எனக்கு வடிவா ஞாபகம். இதைத் தேய்ச்சுக் கழுவினது யார்? ஏன் கழுவினவன்?"

அவளுடைய பெருவிரல் இன்னும் அந்த வெட்டுக்குள்தான் இருந்தது. விரலைப் பார்த்தாள். பூசையறைப் பக்கம் பார்த்தாள். திரும்ப விரலைப் பார்த்தாள்.

"மற்றச் சாமானுக்கெல்லாம் மேலாலதான் வைச்சனான்" என்றாள் மெல்ல. "இது காட்டுக்குப் போற சாமான். அவருக்கு ஒண்டும் வரக்கூடாது எண்டு, இதுக்கு மட்டும் கூடச் சந்தனம் அள்ளி, அழுத்தி வைச்சனான்."

நிரஞ்சினி எழுந்துபோய் அவளைக் கட்டிப்பிடித்தாள். யோகராணி அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை போல இருந்தது. மேசையில் இருந்த தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தபடி இருந்தாள்.

"அவனுக்குத் தெரியுமோ? நான்தான் வைச்சனான் எண்டு?"

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சுகொண்டோ மறியலிலை அடைபடப் பார்த்தவன்?"

"ஓம்."

யோகராணி தண்டை எடுத்து, சேலைத் தலைப்பால் ஒரு தரம் துடைத்து, நிரஞ்சினியிடம் நீட்டினாள்.

"இதைக் கொண்டுபோய் லோயரிட்டைக் குடுங்கோ. நான் வந்து சொல்லுறன். சந்தனம் நான்தான் வைச்சனான் எண்டு நானே சொல்லுறன். வெள்ளிக்கிழமை எத்தினை மணிக்கு?"

"பத்து மணிக்கு. நான் ஒன்பதரைக்கு வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போறன்."

"வேண்டாம். நான் ஏழு மணிக்கே கிளேட்டனுக்குப் போகவேணும்" என்றாள் யோகராணி. "அவனுக்கு ஒரு கையால சட்டை பட்டன் பூட்ட ஏலாது. நல்ல காரியத்துக்கெல்லாம் அவர்தான் போய்ப் பூட்டிவிடுறவர்."